ராமேஸ்வரம் கரையில இருந்து திரைப்பட விழாவுக்குப் போயி போர்ப் படம் பாக்கப் போறீங்களா? பாஸ் எடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

நான் தங்கச்சிமடம். போன டிசம்பர்ல நானும் என் கூட்டாளியும் அவனோட அம்மாவும் திருவனந்தபுரத்துக்குப் படம் பாக்கப் போனோம். அவங்க வீடு மண்டபத்துல இருக்குற இலங்கை அகதிகள் முகாம்ல. அவங்களை நான் சின்ன வயசுல இருந்தே சித்தின்னுதான் கூப்பிடுவேன். 1990-ல ஒன்பது வயசுப் பிள்ளையா இலங்கையில இருந்து போட்ல வந்து தனுஷ்கோடி மணல்ல இறங்குனவங்க. போர்ப் படம் ஒண்ணு பிரீமியர்னு போட்டிருந்தாங்க, நாங்க தயங்குனோம், அதுக்கு சித்தி "நான் காணாத சண்டையோ தம்பி, வாறன்"ன்னுட்டாங்க. நாங்களும் சரின்னு கூட்டிட்டுப் போயிட்டோம். அந்த ராத்திரி எப்படிப் போச்சுன்னு கீழ சொல்றேன். அதுக்கு முன்னாடி பாஸ் எடுத்தது, டிக்கெட் போட்டது, லாட்ஜ் தேடுனதுன்னு ஒவ்வொண்ணுலயும் முட்டி மோதித்தான் கத்துக்கிட்டோம், அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்னுதான் வரிசையா எழுதுறேன்.

1. எந்த விழாவுக்குப் போறதுன்னு முடிவு பண்ணுங்க

நம்ம கரையில இருந்து போறதுக்கு மூணு இருக்கு. நவம்பர் கடைசியில கோவால நடக்குற இந்திய சர்வதேசத் திரைப்பட விழா, டிசம்பர்ல சென்னை விழா, அதே டிசம்பர்ல கேரள அரசோட சலச்சித்ர அகாடமி திருவனந்தபுரத்துல நடத்துற விழா. கோவா தூரம், செலவும் ஜாஸ்தி, முதல் தடவை போறவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். சென்னைக்கு ராமேஸ்வரத்துல இருந்து நேரா ரயில் இருக்கு, சொந்தக்காரங்க வீடு இருந்தா தங்குற செலவும் இல்லை. ஆனா வெளிநாட்டுப் போர்ப் படங்கள் நிறைய பாக்கணும், ஒரே படத்தை ரெண்டு மூணு தடவை போடணும், தியேட்டர்லாம் கிட்டகிட்ட இருக்கணும்னா திருவனந்தபுரம்தான். அங்க தமிழ் பேசுனா புரிஞ்சுக்குவாங்க, அது வயசானவங்களோட போகும்போது பெரிய ஆறுதல். இனிமே சொல்றதெல்லாம் அதை வச்சுத்தான்.

டிசம்பர் ரெண்டாவது வெள்ளிக்கிழமை வாக்குல ஆரம்பிச்சு அடுத்த வெள்ளி வரைக்கும், எட்டு நாள். 2024-ல 13-ல இருந்து 20, 2025-ல 12-ல இருந்து 19.

2. பிரீமியர்னா எந்த பிரீமியர்னு பாருங்க

இதை யாரும் நமக்கு சொல்லித் தர்றதில்லை. வேர்ல்ட் பிரீமியர்னா உலகத்துலயே முதல் தடவை அங்கதான் ஓடுதுன்னு அர்த்தம், அப்ப அந்தப் படத்தைப் பத்தி யாரும் ஒரு வரி கூட எழுதியிருக்க மாட்டாங்க, உள்ள என்ன இருக்குன்னு தெரியாமத்தான் போயி உக்காரணும். இந்தியா பிரீமியர்னா படம் ஏற்கனவே வெளிநாட்டுல ஓடியிருக்கும். மே மாசம் கான்ஸ், ஆகஸ்ட் கடைசி செப்டம்பர்ல வெனிஸ், டொராண்டோன்னு எங்கயாவது போட்டிருப்பாங்க. அப்ப விமர்சனம் நிறைய கிடைக்கும். டிசம்பர்ல நமக்கு வர்ற போர்ப் படங்கள் பெரும்பாலும் இந்த ரெண்டாவது ரகம்தான்.

விமர்சனத்துல கதையைத் தேடாதீங்க. குழந்தைங்க சாவு வருதா, பெண்கள் மேல வன்முறை வருதா, குண்டு வெடிக்கிற சத்தம் நீளமா இருக்குதா, கடல்ல ஆளுங்க முங்குற காட்சி இருக்குதான்னு பாருங்க. இங்கிலீஷ் சரியா வராதுன்னா போன்லயே மொழிபெயர்ப்புல போட்டுப் படிச்சா போதும், அரை மணி நேர வேலை. நாங்க அந்த அரை மணி நேரத்தை ஒதுக்கல. விழாக் கையேட்டுல இருக்குற நாலு வரியை மட்டும் படிச்சோம், எந்த விழாவா இருந்தாலும் அந்த நாலு வரியில கதை என்னன்னுதான் இருக்கும், எவ்வளவு கொடூரமா இருக்கும்னு இருக்காது.

இன்னொண்ணு முக்கியம். நம்ம ஊர் தியேட்டர்ல படம் போட்டா யு, யுஏ, ஏன்னு ஒரு சர்டிஃபிகேட் முதல்ல வரும், அதைப் பாத்து பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போலாமா வேண்டாமான்னு தெரிஞ்சுக்குவோம். விழாப் படங்கள் சென்சார் சர்டிஃபிகேட் இல்லாம, மத்திய அரசுகிட்ட விலக்கு வாங்கித்தான் ஓடும். ஒரு வெட்டும் இருக்காது, ஒரு எச்சரிக்கையும் இருக்காது. அதனால பதினெட்டு வயசு ஆகாத தம்பி தங்கச்சியைக் கூட்டிட்டுப் போற யோசனையே வேண்டாம். அந்த விலக்கு கடைசி நேரம் வரைக்கும் வராம ஷோ ரத்தாகுறதும் உண்டு, 2025 டிசம்பர்லயே சில படங்களுக்கு அப்படி ஆச்சு. ஒரே ஒரு படத்தை நம்பி ரயில் ஏறாதீங்க.

3. பாஸுக்கு பேர் கொடுக்குறது

தனித்தனியா டிக்கெட் கிடையாது. டெலிகேட் பாஸ் ஒண்ணு எடுத்தா எட்டு நாளும் பாக்கலாம். சமீப வருஷங்கள்ல பொதுவா 1,180 ரூபாய், மாணவர்களுக்கு 590, ரெண்டும் ஜிஎஸ்டி சேர்த்து. நவம்பர்ல ஆன்லைன் பதிவு தொறப்பாங்க. இடம் நிறைஞ்சா மூடிருவாங்க, அதனால டிசம்பர் பொறக்கட்டும்னு இருக்காதீங்க.

கையில வச்சுக்க வேண்டியது: ஆதார் இல்லன்னா வேற போட்டோ ஐடி, வெள்ளை பின்னணியில எடுத்த புது போட்டோ, எப்பவும் தொறந்து பாக்குற ஈமெயில், ஓடிபி வர்ற போன் நம்பர். மாணவர்னா காலேஜ் ஐடி, அதோட நடப்பு வருஷ போனஃபைடு சர்டிஃபிகேட்டும் வாங்கி வச்சிருங்க. காலேஜ் ஆபீஸ்ல ரெண்டு மூணு நாள் இழுப்பாங்க, முன்னாடியே எழுதிக் கொடுத்துருங்க. போட்டோவை போன் கேமராவுல எடுத்து அப்படியே போட்டோம், சைஸ் பெருசுன்னு ஏறவே இல்லை, ஒரு ராத்திரி பூரா அதுலயே போச்சு. ஸ்டுடியோல போயி விஷயத்தைச் சொன்னா சின்ன ஃபைலாக்கி வாட்ஸ்அப்ல அனுப்பிருவாங்க.

பாஸை இன்னொருத்தருக்கு மாத்திக் கொடுக்க முடியாது. அங்க போனதும் டெலிகேட் செல்லுன்னு ஒரு கவுண்டர் இருக்கும், அதுல ஐடி காட்டி பாஸும் பையும் ஷெட்யூல் புக்கும் வாங்கிக்கணும், வழக்கமா தாகூர் தியேட்டர்ல இருக்கும். முதல் நாள் கூட்டம் நெரியும், ரெண்டாவது நாள் காலையில போனா பத்து நிமிஷ வேலை.

4. முகாம்ல இருக்குறவங்க கூட வந்தா

2021-ல மறுவாழ்வு முகாம்னு பேரை மாத்துனாங்க, ஆனா வெளிய போயி தங்குறதுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்குற முறை இருக்கத்தான் செய்யுது. எத்தனை நாள், எந்த ஊர், எங்க தங்கல், எதுக்குன்னு எழுதி முகாம் ஆபீஸ்ல கொடுக்கணும். நாங்க பாஸ் வந்த மெசேஜைப் பிரிண்ட் எடுத்து கூட வச்சுக் கொடுத்தோம், அது உதவியா இருந்துச்சு. ஆள் கணக்கெடுக்குற நாளும் உதவித்தொகை கொடுக்குற நாளும் எப்பன்னு கேட்டுட்டு, அது இல்லாத நாளாப் பாத்து டிக்கெட் போடுங்க. பத்து நாளைக்கு முன்னாடியே எழுதிக் கொடுங்க, ரெண்டு காப்பி எடுத்து ஒண்ணுல கையெழுத்து வாங்கி கையோட வச்சுக்கங்க.

லாட்ஜ்லதான் பெரிய கஷ்டம். ஒரு இடத்துல முகாம் அட்டையைப் பாத்ததும் ரூம் இல்லன்னுட்டாங்க, அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி இருக்குன்னு சொன்ன ரூம். சித்தி ஒண்ணும் பேசாம பையைத் தூக்கிக்கிட்டு வெளிய வந்து நின்னாங்க, எனக்கு அதை இப்ப நினைச்சாலும் ஆறல. போறதுக்கு முன்னாடியே போன் பண்ணி, இன்ன ஐடி இருக்கு, ரூம் தருவீங்களான்னு நேரடியாக் கேட்டுருங்க. தர்றேன்னு சொன்னவரோட பேரை எழுதி வச்சுக்கங்க.

5. ரயில், புயல், சபரிமலை

டிசம்பர்னாலே மூணு இடைஞ்சல். ஒண்ணு, சபரிமலை சீசன், கேரளா போற வண்டி எல்லாம் சாமிமாரால நிறைஞ்சிரும், ராமேஸ்வரத்துக்கு வந்துட்டுத் திரும்புற கூட்டமும் அதே வண்டியிலதான் ஏறும். ரெண்டு, இப்ப 60 நாளைக்கு முன்னாடிதான் ரிசர்வேஷன் தொறக்கும், அதனால அக்டோபர் நடுவுலயே, பாஸ் பதிவு தொறக்குறதுக்கு முன்னாடியே, ரயில் டிக்கெட்டைப் போட்டுறணும். பாஸ் கிடைக்கலைன்னா கேன்சல் பண்ணிக்கலாம், பிடித்தம் கொஞ்சம்தான். தட்கலை நம்பாதீங்க. மூணு, வாடைக்காத்து. பாம்பன்ல புயல் கூண்டு ஏத்துற மாசம் இது, காத்து ஓங்குனா பாலத்துல வண்டியை நிறுத்திருவாங்க. 2025 ஏப்ரல்ல தொறந்த புதுப் பாலத்துக்கும் அதே கதைதான். வானிலை சரியில்லைன்னா முதல் நாளே பஸ்ல ராமநாதபுரம் வந்து அங்க ஏறுறது நல்லது.

வழி மூணு. ராமேஸ்வரம் கன்னியாகுமரி வண்டி வாரத்துல மூணு நாள் ராத்திரி கிளம்பும், நாகர்கோவில்ல விடியறதுக்கு முன்னாடி இறங்கி அங்கிருந்து பஸ்லயோ ரயில்லயோ ரெண்டு மணி நேரம். ஸ்லீப்பர் 300 ரூபாய் வாக்குல. நாங்க இதுலதான் போனோம். அடுத்தது அம்ரிதா எக்ஸ்பிரஸ், இப்ப ராமேஸ்வரம் வரைக்கும் நீட்டிட்டாங்க, இறங்கி ஏறாம போலாம், ஆனா பழனி பாலக்காடுன்னு சுத்திப் போகும். மூணாவது மதுரைக்கு பஸ்ல போயி அங்க இருந்து அனந்தபுரி எக்ஸ்பிரஸ். வயசானவங்க கூட இருந்தா அம்ரிதாதான், நேரம் ஆனாலும் படுத்துக்கிட்டே போயிரலாம்.

தங்குறதுக்கு தம்பானூர் பக்கம் பாருங்க, ரயில்வே ஸ்டேஷனும் பஸ் ஸ்டாண்டும் எதிரெதிர்ல இருக்கு. கைரளி, ஸ்ரீ, நிளா மூணு தியேட்டரும் அங்கதான், நடந்தே போலாம். எங்களுக்கு ஏசி இல்லாத ரூம் ஒரு நாளைக்கு 900 ஆச்சு, மூணு பேரு. சாப்பாடு, ஆட்டோ எல்லாம் சேத்து நாலு நாளைக்கு ஆளுக்கு ஏறக்குறைய 4,000, பாஸ் காசு இல்லாம.

6. சீட்டு

எந்த ஷோவா இருந்தாலும் அதுக்கு முந்தின நாளே ஆன்லைன்ல ரிசர்வ் பண்ணணும், தொறந்த சில நிமிஷத்துல பேசப்படுற படமெல்லாம் தீந்துரும். ரிசர்வ் கிடைக்காதவங்களுக்கு தனி வரிசை உண்டு, ஒரு மணி நேரம் முன்னாடி போயி நிக்கணும். தண்ணி பாட்டில், பிஸ்கட் வச்சுக்கங்க.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். போர்ப் படத்துக்கு நடு சீட்டு வேண்டாம். எல்லாரும் நடுவுல உக்காந்தாத்தான் படம் நல்லாத் தெரியும்னு ஓடிப் போயி நடுவுல உக்காருவோம், நாங்களும் அப்படித்தான் உக்காந்தோம், ரெண்டு பக்கமும் பத்துப் பத்து பேரு. ராத்திரி கடைசி ஷோ வேற.

படத்துல முதல் ஒரு மணி நேரம் ரத்தமே இல்லை. ஒரு கிராமம், ஒரு குடும்பம், மாட்டுக்குத் தண்ணி காட்டுறாங்க, ரொட்டி சுடுறாங்க. சித்தி நல்லாத்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்க, அந்த ரொட்டியைக் காட்டி என்னமோ சொல்லிச் சிரிச்சாங்க கூட. அப்புறம் திரையில ஒண்ணுமே இல்லாம, வெறும் வானம் மட்டும், பின்னாடி ஸ்பீக்கர்ல இருந்து ஒரு ஹெலிகாப்டர் சத்தம் மெதுவா வந்துச்சு. அந்தச் சத்தம் நம்ம முதுகுக்குப் பின்னாடி இருந்து தலைக்கு மேல வர்ற மாதிரி பண்ணியிருந்தாங்க. நான் திரும்பிப் பாக்குறேன், சீட்டுல சித்தி இல்லை. கீழ, ரெண்டு சீட்டு வரிசைக்கு நடுவுல குந்தி, தலையை முழங்காலுக்குள்ள வச்சு, ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிட்டு இருந்தாங்க. என் காலைப் பிடிச்சுக் கீழ இழுத்தாங்க. "ஹெலி, படு, படு"ன்னு. முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு அவங்க இங்க வந்து.

இருட்டுல, பத்து பேரைத் தாண்டி, அவங்களை எழுப்பிக் கூட்டிட்டு வெளிய வர எங்களுக்கு கால் மணி நேரத்துக்கு மேல ஆச்சு, அவ்வளவு நேரமும் குண்டுச் சத்தம் நிக்கல. சத்தம்தாங்க. நாங்க படத்துல என்ன காட்டுவாங்கன்னு மட்டும்தான் யோசிச்சோம். கண்ணை மூடிக்கலாம், காதை மூட முடியாது.

அதனால சொல்றேன்:

வரிசையோட ஓர சீட்டு, வாசல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். பின்னாடி கடைசி வரிசையும் வேண்டாம், அங்க ஸ்பீக்கர் காதுக்குப் பக்கத்துல இருக்கும், நடுவுக்குக் கொஞ்சம் பின்னாடி போதும். ராத்திரி ஷோ எடுக்காதீங்க, அதே படம் இன்னொரு நாள் காலையில ஒன்பது மணி வாக்குல இருந்தா அதுக்கு மாத்துங்க. முடிஞ்சு வெளிய வந்தா வெயில் இருக்கும், டீக்கடை இருக்கும், ஆளு நடமாட்டம் இருக்கும். ராத்திரி பதினோரு மணிக்கு அந்தப் படத்தோட லாட்ஜுக்குப் போயி படுக்குறது வேற. மெடிக்கல்ல காதுக்கு வைக்கிற இயர் பிளக் முப்பது நாப்பது ரூபாய்க்குக் கிடைக்கும், ஆளுக்கு ஒண்ணு பையில போடுங்க, இல்லன்னா பஞ்சாவது.

உள்ள போறதுக்கு முன்னாடியே ஒரு சைகை பேசி வச்சுக்கங்க. கையை ரெண்டு தடவை தட்டுனா எழுந்துருறது, ஏன் எதுக்குன்னு கேள்வி கிடையாது. யாரும் "காசு கட்டிட்டோமே இன்னும் கொஞ்சம் பாப்போம்"னு சொல்லக் கூடாது. இது முகாம்ல இருக்குறவங்களுக்கு மட்டும் இல்லை. நம்ம கரையில நடுக்கடல்ல போட்டைப் பறிகொடுத்தவங்க இருக்காங்க, சுட்டதுல குண்டு பட்டவங்க வீட்டு ஆளுங்க இருக்காங்க, பிடிபட்டு மாசக்கணக்குல ஜெயில்ல கிடந்துட்டு வந்தவங்க இருக்காங்க. உங்க கூட வர்றவங்க எதைப் பாத்திருக்காங்கன்னு உங்களுக்கு முழுசாத் தெரியாது, எனக்கும் தெரிஞ்சிருக்கல. அவங்க வர்றேன்னு சொன்னா வேண்டாம்னு தடுக்குறதும் தப்பு, அது அவங்க முடிவு. ஆனா என்ன காட்சி, என்ன சத்தம் வரும்னு முன்னாடியே சொல்லிட்டு அப்புறம் கேளுங்க. சித்திகிட்ட நாங்க "ஹெலிகாப்டர் சத்தம் வருமாம்"னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவங்களே வெளிய உக்காந்திருப்பாங்க.

7. யாராவது பயந்துட்டா

முதல்ல வெளிச்சத்துக்குக் கூட்டிட்டு வாங்க. பின்னாடி இருந்து தொடாதீங்க, முன்னாடி வந்து, பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, தொடலாமான்னு கேட்டுட்டுத் தொடுங்க. கூட்டம் கூடுனா ஒருத்தர் மட்டும் பக்கத்துல நிக்க, இன்னொருத்தர் மத்தவங்களை விலக்கணும். யாராவது போனைத் தூக்கி வீடியோ எடுத்தா தடுங்க. எங்க கூட்டாளிக்கு என்ன தோணுச்சோ, அம்மா முன்னாடி தரையில உக்காந்து, "அம்மா இது திருவனந்தபுரம், இது படம், வெளிய மழை பெய்யுது, நான்தான் உங்க மகன்"னு அதையே திருப்பித் திருப்பி சொல்லிக்கிட்டு இருந்தான். செருப்பைக் கழட்டி காலைத் தரையில வைக்கச் சொன்னான். தண்ணி கொடுத்தோம். கொஞ்ச நேரத்துல மூச்சு சீரா வந்துச்சு. அப்புறமா ஒரு டாக்டரம்மாகிட்ட கேட்டப்ப அவன் செஞ்சது சரிதான்னு சொன்னாங்க, இப்ப எங்க இருக்கோம், என்ன நேரம், யாரு கூட இருக்கோம்னு நினைவுபடுத்துறதுதான் முதல் மருந்தாம்.

அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு அந்த நேரத்துல கிண்டிக் கேக்காதீங்க. அவங்களா சொன்னா கேளுங்க, இல்லன்னா விட்டுருங்க.

8. ஊருக்கு வந்தப்புறம்

படம் பாத்த அன்னைக்கு ராத்திரியே ரயில் ஏறுற மாதிரி டிக்கெட் போடாதீங்க, ஒரு பகல் இடைவெளி விடுங்க. நாங்க மறுநாள் சங்குமுகம் கடற்கரைக்குப் போயி சும்மா உக்காந்திருந்தோம், வேற படம் எதுக்கும் போகல.

தூக்கம் வராம இருக்குறது, கெட்ட கனவு, சின்னச் சத்தத்துக்குத் திடுக்கிடுறது எல்லாம் சில நாள் இருக்கும், மெல்ல மெல்லக் குறையும். ஒரு மாசம் தாண்டியும் இருந்துச்சுன்னா டாக்டரைப் பாருங்க, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. போன்ல பேசணும்னா அரசோட மனநல உதவி லைன் டெலி மானஸ், நம்பர் 14416, காசு கிடையாது, எந்த நேரமும் பேசலாம், தமிழ்லயே பேசுவாங்க. இது படம் பாத்துத் தூக்கம் கெட்ட எனக்கும்தான், நானே மூணாவது நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த நம்பர்ல பேசுனேன். முகாம்ல இருந்து வந்தவங்க திரும்புன அன்னைக்கே ஆபீஸ்ல போயி வந்துட்டேன்னு கையெழுத்துப் போட்டுருங்க, களைப்பா இருக்கு நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடாதீங்க.

சித்தி வர்ற டிசம்பருக்கும் பேர் கொடுக்கச் சொல்லியிருக்காங்க. சண்டைப் படம் போடுற நேரத்துக்கு பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போயிட்டு வருவாங்களாம், மத்த படத்துக்கெல்லாம் வருவாங்களாம். அக்டோபர் நடுவுல அம்ரிதாவுக்கு டிக்கெட் போடணும், மூணு கீழ் பெர்த் கிடைக்கணும்.